ஆறடிக் காசோலையும் ஐநூறு ரூபாய்க்காரர்களும்

வணக்கம் நண்பர்களே. பின்னால் கேட்கும் கடகடச் சத்தம் கீழ்த்தளத்து மாவு மில். பழைய பார்வையாளர்களுக்குப் பழகிய சத்தம்தான், புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பகல் முழுவதும் தொலைபேசி அழைப்புகள் இருப்பதால் இந்த நேரத்தில்தான் எனக்குப் பேச முடியும்.

மார்ச் 31 முடிந்தது, நிதியாண்டு மூடியாயிற்று. வழக்கமாக ஏப்ரல் வீடியோவில் எங்கள் அணி எப்படி நிதி திரட்டியது, எங்கே தடுமாறியது என்று சொல்வேன். அதையும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு எரிச்சல் தொண்டையிலேயே நிற்கிறது. அதைக் கொட்டிவிட்டுத்தான் மற்றது.

ஒரு பெரிய நிறுவனம், பெயர் வேண்டாம், தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து எங்கள் அறக்கட்டளைக்கு ஒரு தொகை கொடுத்தது. பாறு கழுகுப் பாதுகாப்புக்காக. மகிழ்ச்சி, நன்றி. பணம் வங்கி வழியாகவே கணக்கில் ஏறிவிட்டது. ஏறியபிறகு ஒரு மின்னஞ்சல்: "வழங்கும் விழாப் படத்துக்காகப் பெரிய அளவுக் காசோலை ஒன்றைத் தயார் செய்து எடுத்து வாருங்கள்." செய்ய வேண்டியது நாங்கள், செலவும் எங்களுடையது. ஆறுக்கு மூன்று அடி. அச்சகத்தில் விசாரித்தோம், அட்டையோடு சேர்த்துச் சதுர அடிக்கு 90 ரூபாய். 18 சதுர அடி, ஆக 1,620 ரூபாய். அச்சடித்துப் படம் எடுத்து அனுப்பினால், அவர்கள் சின்னத்தின் நீலம் சரியான நீலம் இல்லையாம். மறுபடியும் அச்சு. இன்னொரு 1,620. இது ஆட்டோவுக்குள் நுழையுமா? நுழையாது. குட்டியானை வண்டி பிடித்தோம், அந்த வாடகை தனி. மேடையில் நான்கு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, இரண்டு நிமிடத்தில் படம் முடிந்தது. அட்டை இப்போது எங்கள் அலுவலகத்தில் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது.

மூவாயிரத்துச் சொச்சத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். தொகை என்னைச் சுடவில்லை. அது எந்தக் கணக்கிலிருந்து போனது என்பதுதான் சுடுகிறது. அந்த நிறுவனத்தின் ஒப்பந்தப்படி அவர்கள் பணத்தை ஆள் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தொடக்கூடாது. அப்படியானால் காசோலை அட்டைக்குப் பணம் எங்கிருந்து வரும்? பொது நிதியிலிருந்து. பொது நிதி யாருடையது? மாதம் ஐநூறு, முந்நூறு என்று கொடுக்கும் உங்களைப் போன்றவர்களுடையது. ஓய்வூதியத்திலிருந்து ஒரு தமிழாசிரியர் அனுப்பும் ஐநூறு ரூபாய், கோடிக்கணக்கில் லாபம் பார்க்கும் நிறுவனத்தின் புகைப்படத்துக்குப் போயிற்று. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. அடுத்த ஆண்டு முதல் ஒப்பந்த வரைவிலேயே ஒரு வரி சேர்க்கப் போகிறேன்: விழாச் செலவு அனைத்தும் கொடையாளர் பொறுப்பு.

நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று புதியவர்களுக்குப் புரிய, களவேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். நீலகிரிப் பக்கத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரை நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. ஓர் இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் இந்த இனத்தில் 99.9 சதவீதம் அழிந்தது. டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி மருந்து கொடுக்கப்பட்ட மாடு இறந்து, அந்த உடலைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2004இல் காரணம் உறுதியானது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தடைக்குப் பிறகும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2015இல் குப்பி அளவு 3 மில்லி என்று சுருக்கப்பட்டது. 2023இல் அதேபோன்ற கால்நடை வலிநிவாரணிகளான அசிக்ளோஃபினாக்கும் கீட்டோபுரோஃபெனும் தடைப்பட்டியலில் சேர்ந்தன.

இப்போது சொல்லுங்கள், இந்த வேலையில் வாங்குவதற்கு என்ன பொருள் இருக்கிறது? வேலி இல்லை, கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை மாட்ட ஓரிடம் இல்லை. மருந்துக்கடைக்குக் கடை ஏறி விசாரிக்க ஆள் வேண்டும். கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து, பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மாற்று வலிநிவாரணியான மெலாக்சிகாம் பற்றிப் பேச ஆள் வேண்டும். மாட்டைப் புலி அடித்துவிட்ட ஆத்திரத்தில், புலியைக் கொல்ல அந்தச் செத்த மாட்டின் மேல் பூச்சிமருந்து தெளிக்கக் கிளம்பும் மனிதரிடம், "அண்ணா, இழப்பீட்டு மனுவை நான் எழுதித் தருகிறேன், மருந்தை வையுங்கள்" என்று சொல்ல, அவருக்கு ஏற்கெனவே முகம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளமும் பைக்குக்கு பெட்ரோலும்தான் பாறு பாதுகாப்பு. அதைத்தான் "நிர்வாகச் செலவு, தரமாட்டோம்" என்கிறார்கள்.

இங்கே ஒரு விதியைப் பற்றி நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. நிறுவனச் சட்டம் 135ஆம் பிரிவுப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு விதி. அந்த 5 சதவீதம் நிறுவனம் தன் சொந்த அலுவலகத்தில் அந்த நிதியை நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கான வரம்பு. திட்டத்தைக் களத்தில் நடத்தும் ஊழியரின் சம்பளத்துக்கு அந்த வரம்பு பொருந்தாது. இதை நான் பல கூட்டங்களில் விதியைப் பிரித்து வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். சிலர் கேட்டு மாற்றிக்கொண்டார்கள். அவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். சிலர் "எங்கள் கொள்கை" என்று முடித்துவிடுவார்கள்.

சரி, அணிக்கு வருகிறேன். போன வீடியோவில் பலர் கேட்டிருந்தீர்கள், நன்கொடை கேட்டு அழைக்கும்போது மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று. முதல் கேள்வி பெரும்பாலும் "கழுகுக்கா?" என்பதுதான். அடுத்தது, "புலி, யானை எதுவும் இல்லையா?" அணியிலேயே ஒருவர், துண்டறிக்கையில் ஒரு புலிப் படம் போட்டால் வேலை எளிது என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. புலியைக் காட்டிப் பாறுக்குப் பணம் வாங்கினால், அடுத்த ஆண்டு அவர்கள் புலி எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் நேர்மையான பதில் இருக்காது.

அதேபோல, சாகக் கிடக்கும் பறவையின் படத்தையும் எங்கள் அணி பயன்படுத்தாது. அந்தப் படம் ஒருமுறை பணம் தரும், மறுமுறை பார்க்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கள் துண்டறிக்கையில் இருப்பது செந்தலைப் பாறு ஒன்று சிறகு விரித்துப் பறக்கும் படம். எனக்கு அந்தப் படத்தின் மேல் தனிப் பிரியம்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், இது முக்கியம். எண்களில் எது மனிதரைத் தொடுகிறது என்று கேட்டால், நாய்க்கடிதான். பாறுகள் போனபிறகு தின்ன ஆளில்லாமல் கிடந்த மாட்டுடல்களில் நாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கூடுதல் மனித மரணங்களுக்கு இது காரணமாயிற்று என்று 2024இல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பறவை பிடிக்காதவர்கூட இதைக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

ஆனால் வயதானவர்களிடம் எண்ணே வேண்டாம். "திருக்கழுக்குன்றம் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டால் போதும். மலை மேல் உச்சிவேளையில் பண்டாரம் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் காத்திருக்க, இரண்டு கழுகுகள் வந்து உண்டுவிட்டுப் போன காட்சியைப் பார்த்தவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். இப்போது வருவதில்லை, பல ஆண்டுகளாயிற்று. முன்னே சொன்ன தமிழாசிரியர் ஐயாவும் இந்தக் கேள்வியில்தான் பேச ஆரம்பித்தார். அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். எங்கள் அணியின் கடைக்குட்டிதான் அந்த அழைப்பில் இருந்தாள். நன்கொடை என்ற சொல்லையே அவள் எடுக்கவில்லை. அவரே, "மாசாமாசம் எடுத்துக்கொள்கிற மாதிரி ஏதாவது வழி இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கடைக்குட்டியைப் பற்றித்தான் இன்று பெருமையாகப் பேச வந்தேன். மாதாந்திர நன்கொடையாளர்கள் நழுவிக்கொண்டே இருந்தார்கள், உங்களிடம் புலம்பியிருக்கிறேன். யுபிஐ தானியங்கிப் பிடித்தம் ஒவ்வொரு மாதமும் சிலருக்குத் தோற்றுப்போகும். நன்கொடையாளர்களுக்கு ஆர்வம் குறைகிறது என்று எல்லாரும் நினைத்தோம். அவள் உட்கார்ந்து வங்கி அறிக்கையை வரிவரியாகப் படித்தாள். தோல்விக்குக் காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே பதில்: போதிய இருப்பு இல்லை. பிடித்தம் நடந்த நாள் எது? ஒன்றாம் தேதி. தனியார் வேலையில் இருக்கும் பலருக்குச் சம்பளமே ஐந்துக்கு மேல்தான் வரும். ஒன்றாம் தேதி கணக்கு காலி. அவர்கள் நம்மை விட்டுப் போகவில்லை, நாம்தான் தவறான நாளில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

ஏழாம் தேதிக்கு மாற்றினோம். அவ்வளவுதான்! பழைய இசைவை ரத்து செய்து புதிதாக வாங்க வேண்டியிருந்ததால் ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசினோம். பேசியதில் சிலர் தொகையையும் தாமாகவே கூட்டினார்கள். இன்னொன்றும் செய்தோம். பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பு ஓர் அறிவிப்பு கட்டாயம் போகும், அதைப் பார்த்ததும் நிறுத்துகிறவர்கள் உண்டு. அதனால் ஐந்தாம் தேதியே களப்பணியாளரின் குரல் பதிவு ஒன்றை அனுப்புகிறோம். "இன்று மசினகுடிப் பக்கம் மருந்துக்கடைகளுக்குப் போனேன்" என்று அரை நிமிடம், அவ்வளவே. பின்னால் காற்றுச் சத்தம்கூடக் கேட்கும், அதை நீக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். தோல்விகள் பாதிக்கும் கீழே வந்துவிட்டன. களப்பணியாளர் சம்பளம் இந்த ஆண்டு ஒரு மாதம்கூடத் தள்ளிப்போகவில்லை. எந்த விழாவும் எனக்கு இந்த மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

அணி நடத்துவது பற்றிக் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். திரட்டும் தொகையில் சதவீதம் தருவீர்களா? மாட்டேன். அணியில் எல்லாருக்கும் மாதச் சம்பளம்தான். சதவீதம் வந்துவிட்டால், தயங்கும் ஒரு பாட்டியிடம் இன்னும் ஒரு தடவை அழுத்திக் கேட்கத் தோன்றும். நிதி திரட்டுவோருக்கான உலக அளவிலான நெறிமுறைகளே இதைக் கூடாது என்கின்றன. இரண்டாவது, திட்டு வாங்கினால்? யாராவது கடுமையாகத் திட்டினால் அணியில் அந்த ஆள் எழுந்து வெளியே போய்வருவார், அவருடைய அடுத்த அழைப்பை நான் எடுப்பேன். மார்ச் கடைசி வாரத்தில் நிறைய எடுத்தேன்.

அஞ்சலட்டை விஷயம் விட்டுப்போயிற்று. ஆம், நன்கொடையாளர்களுக்கு நன்றி அட்டையை இன்னும் கையால்தான் எழுதுகிறோம். அட்டை 50 காசு. பணம் வந்த இரண்டு நாளுக்குள் நன்றி தபாலில் சேர வேண்டும் என்பது என் கறாரான விதி. மின்னஞ்சல் போதாதா என்று எத்தனை பேர் கேட்டாலும் இதை விடமாட்டேன். ஓர் அம்மா எங்கள் அட்டையைச் சமையலறை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிப் படம் அனுப்பியிருந்தார். மூலையில் மஞ்சள் விரல் ரேகை ஒன்று படிந்திருந்தது.

இப்போது ஒரு வேண்டுகோள். 101, 501, 1,001 என்று மொய் எழுதுவதுபோலப் பெயர் சொல்லாமல் அனுப்பியிருக்கிறீர்கள். மனசு புரிகிறது. ஆனால் பெயர், முகவரி இல்லாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால் அதற்கு 30 சதவீதம் வரி விழும். நாங்கள் வருமான வரித்துறையில் நன்கொடைக் கணக்குப் படிவம் தாக்கல் செய்தால்தான் உங்களுக்கு வரிக்கழிவுச் சான்றிதழ் வரும். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்தக் கழிவு. புதிய வரிமுறைக்காரர்களுக்குக் கிடையாது. எப்படியிருந்தாலும் பெயரும் பான் எண்ணும் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். தயவுசெய்து பொதுவெளியில் பான் எண்ணைப் போடாதீர்கள், போன தடவை சிலர் போட்டதை நான்தான் ஓடி ஓடி நீக்கினேன்.

கடைசியாக, அணியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. கோயம்புத்தூரில் வேலை, திங்கட்கிழமை நேர்காணல் தொடங்குகிறது. பறவை பற்றித் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதை நாங்கள் சொல்லித் தருவோம். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்கத் தெரிந்தவர் வேண்டும். தமிழில் பிழையில்லாமல் அஞ்சலட்டை எழுத வேண்டும். சேர்ந்த முதல் வாரம் களத்தில்தான். ஆகவே வரும்போது நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.