தோற்கிற அணி ஏன் பேக்கப் கோல்கீப்பரை வாங்குகிறது?

வணக்கம். நண்பர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது: "வட அமெரிக்காவின் என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி லீக்கில் ஒரு அணி வரிசையாகத் தோற்கும்போது, இன்னொரு அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பேக்கப் கோல்கீப்பரைப் போய் வாங்குகிறார்கள். அங்கேயே முதல் இடம் கிடைக்காதவர் இங்கே வந்து என்ன செய்துவிடப் போகிறார்? கோல் அடிக்க ஒரு ஆளை வாங்கினால்தானே தேறும்?"

நியாயமான சந்தேகம். பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, நடந்த ஒரு டிரேடை, அதாவது அணிகள் ஆட்டக்காரரைக் கைமாற்றிக்கொண்டதை, எடுத்துப் பேசினால் விளங்கும். 2015 ஜனவரி 14 அன்று மினசோட்டா வைல்ட் அணி, அரிசோனா கயோட்டீஸிடமிருந்து டெவன் டப்னிக்கை வாங்கியது. கொடுத்த விலை, அந்த வருட டிராஃப்டில் மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்று. டிராஃப்ட் என்பது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்கிற நிகழ்வு, மொத்தம் ஏழு சுற்று. மூன்றாம் சுற்றில் எடுக்கப்படும் பையன்களில் பாதிப் பேருக்கு மேல் என்ஹெச்எல்லில் நிலைத்து ஆடுவதே இல்லை. அதாவது, ஏறக்குறைய சும்மா கிடைத்த மாதிரி.

முதலில் வைல்ட் எந்த நிலையில் இருந்தது என்று பார்ப்போம். கடைசி 14 ஆட்டங்களில் 12 தோல்வி. 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில் 42 முடிந்திருந்தது: 18 வெற்றி, 19 தோல்வி, கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ தோற்றவை 5. கோப்பைக்கான இறுதிக் கட்டச் சுற்றுகளான பிளேஆஃபுக்குப் போகும் வாய்ப்பு கை நழுவிக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் லீக் முழுக்கப் பொன்னுக்குவீங்கி பரவியதே, ஞாபகம் இருக்கிறதா? வைல்டின் தடுப்பாட்டக்காரர்கள் பலர் அதில் படுத்துவிட்டார்கள். ஜனவரி முதல் வாரத்தில் வைல்ட் ஆட்டக்காரர் ஸாக் பரீஸேயின் அப்பா, தானும் மினசோட்டாவில் ஆடிப் பேரெடுத்தவர், புற்றுநோயில் காலமானார். பயிற்சியாளர் மைக் யோ பயிற்சியின் நடுவே கேமராக்களுக்கு முன்னாலேயே வெடித்துக் கத்திவிட்டு வெளியேறினார். ஒரு அணிக்கு எத்தனை திசையிலிருந்து அடி விழ முடியுமோ அத்தனையும் விழுந்த நேரம் அது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வைல்ட் மோசமாக ஆடிக்கொண்டிருக்கவில்லை. எதிரணிக்குக் குறைவான ஷாட்களை விட்டுக்கொடுத்த அணிகளில் அதுவும் ஒன்று. வந்த கொஞ்ச ஷாட்களிலும் அளவுக்கு மீறி உள்ளே போய்க்கொண்டிருந்தன, அதுதான் பிரச்சினை. அவர்களிடம் இருந்த கோல்கீப்பர்களில், நிக்லாஸ் பேக்ஸ்ட்ரோமுக்கு அப்போது 36 வயது, உடம்பு முன்போல ஒத்துழைக்கவில்லை. டார்சி கெம்பருக்கு 24 வயது, அந்தச் சீசனில் அவர் ஆட்டம் ஏறி இறங்கியது. ஜோஷ் ஹார்டிங் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயோடு போராடிக்கொண்டிருந்தவர், அவரால் ஆட முடியாமலே போனது.

இங்கே கொஞ்சம் கணக்கு பார்க்கலாம், ஏனென்றால் கேள்விக்கான பதிலே இதில்தான் இருக்கிறது. கால்பந்தில் ஒரு ஆட்டத்தில் கோல்கீப்பர் தடுக்க வேண்டியது நாலைந்து பந்து. ஐஸ் ஹாக்கியில் கிட்டத்தட்ட 30 ஷாட். 90 சதவீதம் தடுக்கிறவர் ஆட்டத்துக்கு 3 கோல் விடுவார். அந்தக் காலகட்டத்தில் லீக் சராசரி 91.5 சதவீதம் அளவில் இருந்தது, அப்படியானவர் இரண்டரை கோல் விடுவார். அரை கோல்தானே என்று தோன்றும். என்ஹெச்எல்லில் பெரும்பாலான ஆட்டங்கள் ஒரு கோல், இரண்டு கோல் வித்தியாசத்தில் முடிகிறவை. அங்கே ஆட்டத்துக்கு அரை கோல் என்பது ஒரு சீசனையே புரட்டிப் போடும். அரை கோலுக்கு ஈடான, கோல் அடிக்கிற ஒரு முன்னணி ஆட்டக்காரரை வாங்க வேண்டுமென்றால் கோடிக்கணக்கில் சம்பளமும், முதல் சுற்றுத் தேர்வும், வளர்ந்து வரும் இளைஞர் ஒருவரும் கொடுக்க வேண்டியிருக்கும். சம்பள உச்சவரம்பு உள்ள லீக்கில் சீசன் நடுவில் அது லேசில் நடக்காது. அரிசோனாவில் டப்னிக் ஆடியது ஒரு வருட ஒப்பந்தம், 8 லட்சம் டாலர். அங்கே அவர் தடுத்தது 91.6 சதவீதம். சராசரிதான். அந்தச் சராசரிகூட வைல்டிடம் இல்லை.

கணக்கில் வராத இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண ஷாட் ஒன்று உள்ளே போய்விடும் என்ற பயம் வந்துவிட்டால் முன்னால் ஆடுகிற ஐந்து பேரும் மாறிவிடுவார்கள். தடுப்பாட்டக்காரர் தன் ஆளைப் பிடிக்காமல் கோலுக்கு முன்னால் வந்து நிற்பார். முன்னணி ஆட்டக்காரர்கள் தாக்கப் போகாமல் பின்னாலேயே தங்குவார்கள். கோல் விடுவதும் குறையாது, அடிப்பதும் நின்றுவிடும். வெளியே இருந்து பார்க்கிற நாம், "இந்த அணிக்குக் கோல் அடிக்க ஆளில்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

சரி, டப்னிக் யார்? 2004 டிராஃப்டில் எட்மன்டன் ஆயிலர்ஸ் 14-ஆவது ஆளாக எடுத்தவர். ஆறடி ஆறங்குல உயரம். பத்து வருடம் கழித்து, 2013-14 சீசனில், எல்லாம் சரிந்தது. 89.4 சதவீதத்துக்கு இறங்கினார். 2014 ஜனவரி 15 அன்று எட்மன்டன் அவரை நேஷ்வில்லுக்குத் தள்ளிவிட்டது. அங்கே இரண்டே ஆட்டம். பிறகு மாண்ட்ரியால், அங்கே முதன்மை அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, கீழ் லீக்கில் ஹாமில்டனுக்கு அனுப்பினார்கள். 27 வயதில் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் கோடையில் அவர் தன் ஆட்டத்தை அடியிலிருந்து மாற்றினார்: உடம்பை முதலில் வீசாமல், தலையும் கண்ணும் பக்கை (ஆட்டத்தில் அடிக்கிற ரப்பர் வட்டை) முதலில் பின்தொடர, உடம்பு அதன் பின்னால் வருகிற பயிற்சி. அப்புறம் அரிசோனாவில் மைக் ஸ்மித்துக்கு பேக்கப். அங்கே கோல்கீப்பர்களைப் பயிற்றுவித்தவர் ஷான் பர்க், தானே நெடுங்காலம் என்ஹெச்எல்லில் கோலைக் காத்தவர். ஸ்மித்துக்கு நீண்ட ஒப்பந்தம் இருந்ததால் டப்னிக்குக்கு முதல் இடம் கிடைக்க வழியே இல்லை. நண்பர் கேட்டாரே, முதல் இடம் கிடைக்காதவர் என்று, அதற்குக் காரணம் திறமைக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோலில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது.

டிரேட் முடிந்த மறுநாள் பஃபலோவில் அவரை இறக்கினார்கள். 7-0, ஒரு கோலும் விடவில்லை. எதிரணி லீகிலேயே அடிமட்டத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அப்படி ஒதுக்க முடியாது. மீதமிருந்த 40 ஆட்டங்களில் 39-இல் ஆடினார். 27 வெற்றி, 9 தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி 2. தடுத்தது 93.6 சதவீதம், ஆட்டத்துக்கு விட்டது 1.78 கோல். வைல்ட் 100 புள்ளிகளோடு பிளேஆஃப் போனது. முதல் சுற்றில் செயின்ட் லூயிஸை ஆறு ஆட்டத்தில் வென்றது, அடுத்து சிகாகோவிடம் நாலுக்கு நாலும் தோற்றது. அந்த வருடம் கோப்பையை வென்றதும் சிகாகோதான். சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா விருதின் கடைசி மூவரில் டப்னிக் ஒருவர். விடாமுயற்சிக்கான மாஸ்டர்டன் விருதை அவர் வென்றார், இரண்டு வருடம் முன்பு அதே விருதை அதே அணியின் ஹார்டிங் வாங்கியிருந்தார். எனக்கு இந்த டிரேடில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதைக் கேட்டுவிட்டு, தோற்கிற அணிகள் எல்லாம் கோல்கீப்பரை மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். எட்மன்டனைப் பாருங்கள். டப்னிக்கை அனுப்பிய அதே நாளில் அவர்களும் ஒரு பேக்கப்பை வாங்கினார்கள்: லாஸ் ஏஞ்சலஸில் ஜொனதன் குவிக்குக்குப் பின்னால் காத்திருந்த பென் ஸ்க்ரிவன்ஸ். விலையும் அதே மூன்றாம் சுற்றுத் தேர்வு. இரண்டு வாரத்தில், ஜனவரி 29 அன்று, சான் ஹோசேக்கு எதிராக 59 ஷாட்களைத் தடுத்து ஒரு கோலும் விடாமல் 3-0 என்று ஜெயித்துக் கொடுத்தார். 1967-க்குப் பிறகு வழக்கமான சீசனில் ஒரு கோலும் விடாத ஆட்டத்தில் யாரும் அத்தனை ஷாட்களைத் தடுத்ததில்லை. இருந்தும் எட்மன்டன் அந்த வருடம் 30 அணிகளில் 28-ஆவது. சொந்த மைதானத்தில் 59 ஷாட் வாங்குகிற அணிக்கு எந்தக் கோல்கீப்பர் வந்தாலும் எத்தனை நாள் தாங்குவார்?

ஆகவே அடுத்த முறை ஒரு அணி இப்படி பேக்கப்பை வாங்கும்போது, வருகிறவரின் பெயரைவிட, அந்த அணி ஆட்டத்துக்கு எத்தனை ஷாட் விடுகிறது என்று பாருங்கள். 27, 28 ஷாட் விட்டு மூன்று கோல் வாங்கித் தோற்கிற அணி என்றால் அந்த டிரேடுக்கு அர்த்தம் இருக்கிறது. 35 ஷாட் விடுகிற அணி என்றால் வாங்க வேண்டியது தடுப்பாட்டக்காரர்களை. வைல்டில் இடம் இழந்த டார்சி கெம்பரைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். அவர் 2022-இல் கொலராடோவின் முதல் கோல்கீப்பராக ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.