வீட்டு மின்சாரத்தில் கனமான இரும்பைப் பற்றவைக்க எந்த வெல்டிங் மெஷின் போதும்?

வணக்கம். டிரெய்லரின் இழுவைச் சட்டம் விரிசல் விட்டாலும், கலப்பையின் சட்டம் மூலையில் விட்டுப்போனாலும், பண்ணையின் பெரிய கேட் கீலோடு பெயர்ந்து வந்தாலும், பட்டறைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி வாடகையே ஒரு செலவாகிவிடுகிறது. ஆகவே வீட்டிலேயே ஒரு வெல்டிங் மெஷின் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். கனமான வேலை என்றவுடன் 300, 400 ஆம்பியர் மெஷினும் மும்முனை இணைப்பும் கட்டாயம் என்று பலர் நம்புகிறார்கள். முறையாகக் கம்பி இழுத்த சிங்கிள் பேஸ் இணைப்பும், 160 ஆம்பியரை உண்மையாகவே தரக்கூடிய ஓர் இன்வெர்ட்டர் மெஷினும் (மின்னணுச் சுற்றால் இயங்கும் சிறிய வெல்டிங் மெஷின்) இருந்தால் வீட்டுப் பழுதுகளில் பெரும்பாலானவற்றைச் செய்து முடிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

இதோ, என் கையில் இருக்கும் இந்தத் தகடு 12 மி.மீ. கனம் கொண்டது. இதை ஒரே ஓட்டத்தில் ஒட்டிவிட வேண்டும் என்று நினைத்தால்தான் பெரிய ராடும் (உருகி இணைப்பில் சேரும் வெல்டிங் குச்சி) பெரிய மின்னோட்டமும் தேவைப்படும். கிரைண்டரால் இரண்டு விளிம்புகளையும் முப்பது முப்பது பாகை சாய்த்து, நடுவில் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விட்டு, அடியில் முதல் ஓட்டத்தைப் போட்டு, வெல்டின் மேல் படியும் கசடான ஸ்லாக்கை முழுவதும் தட்டி எடுத்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, அதன்மேல் அடுத்தடுத்த ஓட்டங்களால் பள்ளத்தை நிரப்பினால், 3.15 மி.மீ. ராடே இந்த வேலைக்குப் போதுமானது. அந்த ராடுக்குச் சுமார் 120 ஆம்பியர் வேண்டும், 2.5 மி.மீ. ராடுக்கு 80, 4 மி.மீ. ராடுக்கு 160 என்று வைத்துக்கொள்ளலாம். நேரம் கூடுதலாகும் என்பது உண்மைதான். பட்டறைக்காரருக்கு நேரம் பணம். வீட்டில் ஆண்டுக்குச் சில முறை பழுது பார்க்கிறவருக்கு அந்த அவசரம் இல்லை.

இந்த மின்னோட்டம் மெஷினின் வெளியே வரும் அளவு. சுவரிலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். 120 ஆம்பியரில் ஆர்க்கின், அதாவது ராடு நுனியில் எரியும் மின்பொறியின், மின்னழுத்தம் ஏறத்தாழ 25 வோல்ட் இருக்கும், ஆகவே ஆர்க்கில் மட்டும் 3 கிலோவாட் செலவாகிறது. மெஷினுக்குள் ஏற்படும் இழப்பையும், சாதாரண இன்வெர்ட்டர்களின் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.7 அளவில்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 230 வோல்ட்டில் சுமார் 22 ஆம்பியர் இழுக்கும். 4 மி.மீ. ராடு என்றால் அதுவே 31 ஆம்பியர் ஆகிறது. 2.5 மி.மீ. ராடுக்கு 14 அல்லது 15 ஆம்பியர்தான். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் தாங்குவது இந்த ஒன்றை மட்டுமே. 3.15 ராடை அதே பிளக்கில் போட்டுத் தொடர்ந்து எரித்தால் முதலில் பிளக்கின் முள் கருகும், பிறகு சுவருக்குள் இருக்கும் கம்பி சூடேறும்.

பட்டறைகளில் தரையில் அசையாமல் நிற்கும் செம்புச் சுற்று டிரான்ஸ்ஃபார்மர் மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். உழைப்பில் அதற்கு ஈடு இல்லை. தூசியும் வெயிலும் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அதே 120 ஆம்பியருக்கு அது வாங்கும் பளு, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், சுமார் 9 கே.வி.ஏ. அதனால்தான் அதை இரண்டு பேஸ்களுக்கு நடுவே 415 வோல்ட்டில் இணைக்கிறார்கள். அப்போதும் 22 ஆம்பியர் இழுக்கிறது. 230 வோல்ட் வீட்டு இணைப்பில் கொடுத்தால் 39 ஆம்பியர் ஆகிவிடும், தெருவிலுள்ள விளக்குகளும் சேர்ந்து மங்கும். மும்முனை இணைப்பு ஏற்கெனவே இருந்து, பழைய மெஷின் ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு ஐ.ஜி.பி.டி. என்ற மின்னணு சுவிட்ச் கொண்ட இன்வெர்ட்டர்தான் பொருத்தம். தூசியிலிருந்து மட்டும் அதைக் காப்பாற்ற வேண்டும்: கிரைண்டரின் இரும்புத் துகளை அதன் விசிறி உள்ளே இழுத்துவிடும், பல்லி உள்ளே புகுந்து சர்க்யூட் போர்டின் மேல் ஊர்ந்தால் ஷார்ட் ஆகிவிடும். வேலை முடிந்ததும் ப்ளோயரால் ஊதிச் சுத்தம் செய்து மூடி வையுங்கள். காற்று வீசும் களத்தில், துருவும் பெயின்ட்டும் முழுவதும் போகாத இரும்பில் செய்யும் வேலைகளுக்கு, ராடுக்குப் பதில் சுருள் கம்பியை ஊட்டும், வாயு சிலிண்டர் தேவைப்படும் மிக் மெஷினை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெஷினின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்து விலை பேசாதீர்கள். பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் டியூட்டி சைக்கிள் என்று ஓர் அட்டவணை இருக்கும். 160 ஆம்பியர், 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த மின்னோட்டத்தில் எரிக்கலாம், நான்கு நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பொருள். இடைவிடாமல் ஓட்டினால் அது சுமார் 124 ஆம்பியர் மெஷின். 3.15 ராடுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. இந்த அளவீடு பொதுவாக 40 பாகை வெப்பத்தில் எடுக்கப்படுவது. வேலூரிலோ கரூரிலோ சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள் நின்று பற்றவைக்கும்போது மெஷின் அதற்கு முன்பே சூடாகி நிற்பது இயல்புதான். அந்த அட்டவணையே இல்லாமல் வெறும் 250 என்று மட்டும் எழுதியிருக்கும் கையடக்க மெஷினை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கனமான வேலைக்கு வாங்காதீர்கள்.

இனி மின்கம்பிக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக நேரம் ஒதுக்கப் போகிறேன். பற்றவைக்கப் போகும் இடத்திலுள்ள பிளக்கில் மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே லைனில் 2000 வாட் கீசர் போன்ற ஒன்றை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். கீசர் எடுப்பது சுமார் 9 ஆம்பியர். அதற்கே 6 வோல்ட் இறங்கினால், 22 ஆம்பியருக்கு ஏறத்தாழ 15 வோல்ட் இறங்கும் என்று தெரிந்துகொள்ளலாம். இன்வெர்ட்டர் மெஷின் தனக்குத் தேவையான வாட்டை எப்படியும் எடுத்துக்கொள்ளும். மாலையில் கடைக்கோடி வீட்டில் 190 வோல்ட் வந்தால் 22 ஆம்பியர் 27 ஆகும், கம்பியில் இழப்பும் சூடும் இன்னும் ஏறும்.

மீட்டர் பெட்டியிலிருந்து கொட்டகை 30 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 31 ஆம்பியர் ஓடினால் போக வர 15 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே போய்விடும். 6 சதுர மி.மீ. கம்பியில் அது 6 அல்லது 7 வோல்ட்தான். ஆகவே மெயின் போர்டிலிருந்து தனியாக 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி இழுத்து, பளு மீறினால் தானே துண்டிக்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி. வைத்து, முடிவில் 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் பொருத்துங்கள். இன்வெர்ட்டருக்கு சி வகை எம்.சி.பி. போதும், டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் ஆன் செய்யும் நொடியில் பல மடங்கு இழுப்பதால் அதற்கு டி வகை தேவைப்படலாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். அதோடு, உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு என்று மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, தேவைப்பட்டால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பற்றவைக்கும் இரும்பில் எர்த் கிளாம்ப்பை மாட்டிவிட்டதால் மெஷினின் உடலுக்கு எர்த் கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது. உடலுக்கான பச்சைக் கம்பி தனி; அது வீட்டின் எர்த் குழியோடு சேர்ந்திருக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும், ஆனால் அது காப்பது மெஷினுக்குள் வரும் மின்சாரத்திலிருந்து மட்டுமே. ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பக்கத்தில் ராடு எரியாதபோது இருக்கும் 60 முதல் 80 வோல்ட்டை அது அறியாது. வியர்வையில் நனைந்த சட்டையோடு ஈரத்தரையில் அமர்ந்து வேலை செய்பவருக்கு அதுவே ஆபத்து. காய்ந்த தோல் கையுறையும் உட்கார ஒரு மரப்பலகையும் அவசியம்.

தோட்டத்தில் பம்புசெட்டுக்கு இலவச மும்முனை இணைப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். பாசனத்துக்காகத் தரப்பட்ட இணைப்பில் வெல்டிங் செய்வது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. இரு மடங்கு கட்டணம் விதிக்கலாம். மின்கம்பத்தில் கொக்கி மாட்டி எடுப்பது திருட்டு மட்டுமல்ல, உயிரையே வாங்கும் காரியம். தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள். இணைப்பே இல்லாத இடம் என்றால் ஜெனரேட்டர்தான் வழி, 3.15 ராடுக்கு 7.5 கே.வி.ஏ.வுக்குக் குறையாமல் பாருங்கள்.

ராடு விஷயத்தில் ஒன்று. ராடின் வகையை அதன் மேல் அச்சிட்ட எண் காட்டும்: கேட், கம்பி வேலைக்கு 6013 போதும். இழுவைச் சட்டம் போல் பளு தாங்கும் இணைப்புக்கு 7018 போடுங்கள்; ஹோல்டரை பாசிட்டிவ் முனையில் மாட்ட வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சினால் வெல்டுக்கு அருகில் பிறகு விரிசல் விடக்கூடும். மறுபடி காய வைக்க 300 பாகைக்கு மேல் சூடு தேவை, சமையலறை ஓவன் அந்த அளவுக்குப் போகாது. எனவே சிறிய சீலிட்ட பாக்கெட்டாக வாங்கி, பிரித்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது 12 மி.மீ. தகட்டுத் துண்டு ஒன்றையும், 6013, 7018 இரண்டிலும் சில 3.15 ராடுகளையும் எடுத்துச் செல்லுங்கள். 120 ஆம்பியரில் வைத்து, ஐந்தாறு ராடுகளை நிறுத்தாமல் எரித்துக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் நின்றாலோ, 7018 அடிக்கடி அணைந்து போனாலோ, அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.