பதினோரு மணியைப் பார்த்த வீடு

நேயர்களுக்கு வணக்கம். போலந்து என்றதும் உங்களில் பலருக்குப் பனியும் போரும் நினைவுக்கு வரலாம். எனக்கு ஒரு வீடு நினைவுக்கு வரும். தாழ்வாக, நீளமாக, வெள்ளையடித்து, பெரிய கூரையைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடு. நடுவில் தூண் வைத்த ஒரு முகப்பு. வாசலுக்கு வரும் பாதையில் இரண்டு பக்கமும் லிண்டன் மரங்கள். இதை ‘த்வூர்’ என்பார்கள். செல்லமாகச் சொன்னால் ‘த்வோரெக்’. கிராமத்து நிலக்கிழார் குடும்பத்தின் வீடு.

வேலை நிமித்தம் சில வருடங்கள் வார்சாவில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பஸ் பிடித்து இந்த வீடுகளைத் தேடிப் போய்விடுவேன். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதலில் ஒன்று. அரண்மனையை நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய போலந்தில் ‘ஷ்லாக்தா’ என்ற பிரபு வகுப்பு மிகப் பெரியது. 100 பேரில் ஏழெட்டுப் பேர் பிரபுக்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனை பேருக்கும் அரண்மனை ஏது? பலருக்கு ஒரு கிராமம்தான் சொத்து. சிலருக்கு அதுவும் முழுசாகக் கிடையாது. அதனால் வீடு பெரும்பாலும் ஒரே தளம். மரவீடு. லார்ச் மரம் கிடைத்தால் விசேஷம். பிசின் நிறைந்த மரம், சீக்கிரம் உளுக்காது. கல் அடித்தளத்தின் மேல் மரச்சுவர் எழுப்பி, அதன்மேல் பூசி வெள்ளையடித்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் செங்கல் வீடு மாதிரி தெரியும். தெரிய வேண்டும் என்பதுதான் ஆசை! வியெலூன் ஊர்ப் பக்கம் ஓஜாரூவ் என்ற கிராமத்தில் 1757-இல் கட்டிய லார்ச் மர வீடு இன்னும் நிற்கிறது. இப்போது அது அருங்காட்சியகம்.

1659-இல் கிராகூவ் நகரில் வீடு கட்டும் கலை பற்றி ஒரு சிறு நூல் வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே, போலந்தின் வானத்துக்கும் வழக்கத்துக்கும் ஏற்பக் கட்டுவது என்று வருகிறது. வானம், வழக்கம். இந்த இரண்டு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

வானம் என்றால் பனி. அதற்குத்தான் அந்தக் கூரை. ஒரு தொப்பிக்கு மேல் இன்னொரு தொப்பி வைத்த மாதிரி, நடுவில் ஒரு முறிப்போடு இரண்டு அடுக்காக இறங்கும். படம் போட்டுக் காட்ட ரேடியோவில் வழியில்லை, தொப்பியை வைத்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

வானம் என்றால் வெயிலும்தான். இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. வீட்டின் முகத்தை 11 மணிக்குத் திருப்பிக் கட்டு என்பது அங்கே பழைய வழக்கம். அதாவது காலை 11 மணிக்குச் சூரியன் எங்கே நிற்குமோ அந்தத் திசையைப் பார்த்து வாசல் வைக்க வேண்டும். நேர்தெற்கும் இல்லை, கிழக்கும் இல்லை. தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே சாய்ந்த திசை. அப்படிக் கொஞ்சம் திருப்பி வைத்தால் வீட்டின் எல்லாப் பக்கமும் ஏதாவதொரு நேரத்தில் வெயிலைப் பார்த்துவிடும். பின்பக்கத்து அறைக்குக்கூடக் கோடை மாலையில் ஒரு கீற்று வந்து விழும். அந்தக் குளிர் தேசத்தில் அது சின்ன விஷயமா?

இதைச் சோதித்துப் பார்த்தே தீருவது என்று ஒரு ஜூலை மாதம் கிளம்பினேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இடிந்தும் இடியாமலும் இருந்த ஒரு த்வூர். சுண்ணாம்பு உதிர்ந்து உள்ளே மரக்கட்டை தெரிந்தது. முகப்புத் தூணில் துணி காயவைக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். நான் வாசலுக்கு நேராகப் புல்லில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக 11. தூணின் நிழல் கோணலாக விழுந்து கிடந்தது. நேராக இல்லவே இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். இத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது பொய்யா?

கையில் பீன்ஸ் கூடையோடு ஒரு பாட்டி படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை போலிஷில் விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்து நாலு பீன்ஸ் கீழே விழுந்தது. “உங்கள் கையில் இருப்பது அரசாங்கத்தின் நேரம். இந்த வீட்டுக்கு அது தெரியாது. கொஞ்சம் பொறுங்கள்” என்றார். அப்போதுதான் உறைத்தது. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள்! நானும் படியில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்தேன். என் கடிகாரம் கிட்டத்தட்ட 12-ஐத் தொட்டபோது தூண் நிழல் மெல்ல நிமிர்ந்து, நேராக வாசற்படியில் வந்து படுத்தது. பாட்டி என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவருக்கு அது தினம் நடப்பது.

சரி, வழக்கத்துக்கு வருவோம். வாசலைத் தாண்டினால் நடுவில் ஒரு கூடம், இரண்டு பக்கமும் அறைகள், பின்னால் தோட்டத்தைப் பார்த்த வரவேற்பறை. தீக்குப் பயந்து சமையலைத் தனிக் கட்டடத்தில் வைத்தவர்கள் உண்டு. மூலைகளில் மட்டும் சின்ன அறைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இது கோட்டைக் காலத்து ஞாபகம். ஷிம்பார்க் என்ற இடத்தில் 16-ஆம் நூற்றாண்டுக் கல் வீடு ஒன்று இருக்கிறது. பாதி வீடு, பாதி கோட்டை. பயம் குறையக் குறைய மூலைக் காவல்கோபுரம் படுக்கையறையாகிவிட்டது.

முகப்பை ‘கானெக்’ என்பார்கள். திண்ணை என்று சொல்ல நாக்கு வருகிறது, ஆனால் வழிப்போக்கர் வந்து படுக்கும் இடமில்லை அது. வண்டியிலிருந்து இறங்கும் விருந்தாளியை வீட்டுக்காரர் நின்று வரவேற்கும் இடம். விருந்தாளி வந்தால் கடவுள் வந்த மாதிரி என்று அவர்களிடமும் ஒரு பழமொழி உண்டு. இன்று எல்லாரும் போட்டோ எடுக்கும் அந்த வெள்ளைத் தூண்கள் வீட்டின் மற்ற உறுப்புகளைவிட இளையவை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிரேக்க, ரோமானியப் பாணி மேல் வந்த மோகத்தில்தான் அவை பரவின. மறுபடியும் சொல்கிறேன், கூரையைப் பாருங்கள், திசையைப் பாருங்கள், தூணைக் கடைசியில் பார்க்கலாம். இசைமேதை ஷோபன் 1810-இல் பிறந்த ஜெலாஸோவா வோலா வீட்டுக்குப் போகிறவர்கள் அதை ஒரு த்வோரெக் என்றே நினைத்துத் திரும்புகிறார்கள். உண்மையில் அது ஸ்கார்பெக் குடும்பத்து த்வூரின் பக்கக் கட்டடம். ஷோபனின் அப்பா அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். பெரிய வீடு எரிந்துபோனது. மிஞ்சிய பக்கக் கட்டடத்தை 1930-களில் புதுப்பித்துக் கனவு வீடு மாதிரி ஆக்கினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். எழுதி வந்ததில் பாதி மிச்சமிருக்கிறது, வேகமாகச் சொல்கிறேன்.

அண்டை நாடுகள் பங்குபோட்டுக்கொண்டதில் 1795-இல் போலந்து நாடு வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. 123 வருடம். நாடு இல்லாத காலத்தில் மொழியையும் பழக்கத்தையும் காத்தது இந்த வீடுகள்தான் என்று சொல்வார்கள். உண்மை உண்டு. ஆனால் அந்த வயலில் கூலியில்லாமல் உழைத்தவன் குடியானவன். ரஷ்யா ஆண்ட பகுதியில் அவனுக்கு நிலம் சொந்தமானது 1864-இல்தான். அவனைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பான். 1918-இல் நாடு திரும்பக் கிடைத்ததும் ரயில் நிலையம்கூட த்வூர் சாயலில் கட்டினார்கள். தலைவர் பிவ்சுத்ஸ்கிக்குப் படைவீரர்கள் 1923-இல் சூலேயூவெக் என்ற ஊரில் பரிசாகக் கட்டிக் கொடுத்ததும் இந்த மாதிரி வீடுதான்.

அப்புறம் 1944 செப்டம்பர் 6. நிலச் சீர்திருத்த ஆணை. 50 ஹெக்டேருக்கு மேல் விளைநிலம் இருந்தால் பண்ணை முழுவதும் அரசுக்கு. வீடுகள் பண்ணை அலுவலகமாயின, பள்ளியாயின, தொழிலாளர் குடியிருப்பாயின. பல விறகாயின.

பீன்ஸ் பாட்டி இருந்தது அப்படி ஒரு குடியிருப்பில்தான். பழைய வரவேற்பறையை நடுவில் ஒட்டுப்பலகை அடித்து இரண்டு வீடாக்கியிருந்தார்கள். கூரையின் உட்புறத்தில் சுதையில் செய்த பெரிய பூ ஒன்று. பலகை அதன் நடுவே போகிறது. பாதிப் பூ பாட்டி வீட்டில், பாதிப் பூ பக்கத்து வீட்டில். மறுபாதியைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பார்த்து 20 வருடம் ஆகிறதாம். பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை.

வணக்கம்.