ராத்திரி ரெண்டு மணிக்கும் அதே ஆஸ்பத்திரிதானா?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு அரசு ஆஸ்பத்திரி எப்படி என்று கேட்டால் நம்மில் பலர் கட்டடத்தையும் கழிப்பறையையும் பார்த்துத்தான் பதில் சொல்வோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் பல வருஷம் பதிவேடுகளோடு உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் தோன்றுவது வேறு: பகல் பதினொரு மணிக்குக் கிடைக்கிற வைத்தியம் ராத்திரி ரெண்டு மணிக்கும் கிடைக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறதா?

பிரசவத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2001-03இல், உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் அது 54. பெருமைப்பட வேண்டிய இறக்கம் இது. ஆனால் சில இடங்களை மட்டும் எடுத்து எண்ணுகிற மாதிரிக் கணக்கெடுப்பில் இந்த எண்ணை மூன்று மூன்று வருஷமாகச் சேர்த்துத்தான் போடுகிறார்கள், ஏனென்றால் தாய் இறப்பு அரிது, ஒரே வருஷத்தை வைத்துப் பார்த்தால் எண் தாறுமாறாக ஏறி இறங்கும். மாநிலத்துக்கே அப்படியென்றால், ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் போன வருஷம் ஒன்று, இந்த வருஷம் மூன்று என்பதை வைத்து என்ன சொல்ல முடியும்? அப்புறம், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வருவதில் பல, வேறு இடத்தில் கைவிட்ட கேஸ். 108இல் கடைசி நேரத்தில் வந்த பெண் இறந்தால், சேர்த்துக்கொண்ட ஆஸ்பத்திரியின் கணக்கில்தான் விழும். அதற்காக அவர்களைத் திட்டினால், அடுத்த முறை வாசலிலேயே "மேலே கொண்டு போங்க" என்பார்கள்.

அதனால்தான் நேரத்தை அளக்கச் சொல்கிறேன். சிசேரியன் என்று டாக்டர் முடிவெடுத்த நேரம், கத்தி வைத்த நேரம். ரத்தம் கேட்ட நேரம், பை வார்டுக்கு வந்து சேர்ந்த நேரம். அதையும் அந்தந்த நிமிஷமே எழுத வேண்டும். ஒரு லேபர் வார்டில், ராத்திரி முழுக்க எல்லாப் பெண்களுக்கும் பி.பி. 120/80 என்று ஒரே பேனாவில் வரிசையாக எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று டூட்டியில் ஒரே ஒரு நர்ஸ். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அந்தப் பக்கத்தில் யாருக்கு பி.பி. ஏறியது என்று இனி யாருக்கும் தெரியாது.

இன்னொரு ஆஸ்பத்திரியில், ரத்தம் வர ஆன நேரத்தை மாதாமாதம் பகலுக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு என்று வரைந்து சுவரில் ஒட்டினோம். ராத்திரிக் கோடு மட்டும் மேலேயே நின்றது. விசாரித்தால், ரத்தம் வைத்திருக்கிற அறையின் சாவி டெக்னீஷியன் வீட்டில். இன்னொரு சாவி செய்து வார்டிலேயே மாட்டினார்கள், மூன்றாம் மாதம் கோடு இறங்கியது.