பாவாடை முதலில் நிற்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

நாலைந்து வயதுக் குழந்தை உள்ள வீட்டில் பிறந்தநாள் நெருங்கினால் அடிக்கடி கேட்கிற ஆசை, பொம்மை கேக். இடுப்புக்கு மேலே பொம்மை, கீழே விரிந்த பாவாடை. அந்தப் பாவாடைதான் கேக். பேக்கரியில் சொன்னால் செய்து கொடுத்துவிடுவார்கள். இருந்தாலும் இதை ஒரு தடவையாவது வீட்டில் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன். தன் பொம்மைக்குத் தன் கண் முன்னால் உடை தயாராவதைப் பார்க்கிற குழந்தையின் சந்தோஷம் கடையில் கிடைக்காது.

கேக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, பூ எப்படிப் போடுவது, கலர் எப்படிக் கலப்பது என்றுதான். நான் சொல்வது, முதலில் பாவாடையை நிற்க வையுங்கள் என்பது. வழக்கமான கேக்கைவிட இது உயரம். நடுவில் ஓட்டை வேறு. ஒரு பக்கம் சரிந்துவிட்டால் எந்தப் பூவும் அதைக் காப்பாற்றாது. நேராக நின்றுவிட்டால், அலங்காரம் சுமாராக இருந்தாலும் கேக் அழகாகத்தான் இருக்கும்.

ஆரம்பம் பொம்மையிலிருந்து. பார்பி பொம்மை 1959இல் வந்தது. உயரம் சுமார் 29 சென்டிமீட்டர். ஃபேன்சி ஸ்டோர்களில் கிடைக்கும் பெரும்பாலான பொம்மைகளும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஸ்கேலை எடுத்து இடுப்பிலிருந்து பாதம் வரை அளந்துகொள்ளுங்கள். 17, 18 சென்டிமீட்டர் இருக்கலாம். கேக்கும் அந்த உயரம் வரவேண்டும். குறைந்தால் பொம்மை இடுப்புக்குக் கீழேயும் வெளியே தெரியும். அதை மறைக்கக் கிரீமை அப்ப வேண்டிவரும். கால் இல்லாத, இடுப்புக்குக் கீழே குச்சி மட்டும் வைத்த பொம்மைகளும் கேக் சாமான் கடைகளில் கிடைக்கின்றன. வேலை சுலபம்தான். ஆனாலும் முழுப் பொம்மையைத்தான் நான் விரும்புகிறேன். கேக் தீர்ந்த பிறகு குழந்தைக்கு விளையாட ஒரு பொம்மை மிஞ்ச வேண்டும் அல்லவா?

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் இந்தக் கேக்குக்கு டாலி வார்டன் என்று பெயர். பாவாடை வடிவத்திலேயே டின் விற்கிறார்கள். நமக்கு அந்த டின் அவசியமில்லை. 6 அங்குல வட்டக் கேக் டின்னும், அதே அளவு வாயுள்ள, 9 சென்டிமீட்டர் ஆழமான அலுமினியக் கிண்ணமும் போதும். எவர்சில்வரைவிட அலுமினியத்தில் சூடு சீராகப் பரவும். வட்டக் கேக் இரண்டு, ஒவ்வொன்றும் 4 சென்டிமீட்டர் உயரம். அவற்றின் மேல் கிண்ணத்தில் வெந்த கேக்கைக் கவிழ்த்து வைத்தால் 17 சென்டிமீட்டர். நடுவில் தடவும் கிரீமையும் சேர்த்தால் 18 வந்துவிடும்.

அளவைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மைதா 300 கிராம், வெண்ணெய் 300 கிராம், பொடித்த சர்க்கரை 300 கிராம், முட்டை 6, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, பால் 100 மில்லி, கொஞ்சம் வெனிலா எசன்ஸ். உப்பில்லாத வெண்ணெயாக இருந்தால் ஒரு சிட்டிகை உப்பு. லேசான ஸ்பாஞ்ச் கேக் இதற்கு வேண்டாம். சாப்பிட மெத்தென்று இருக்கும், ஆனால் இவ்வளவு உயரத்துக்கு அடுக்கினால் கீழ் அடுக்கு அமுங்கிவிடும். வெண்ணெய் கேக்தான் எடை தாங்கும். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்துப் பொங்கும்வரை நன்றாக அடியுங்கள். அப்புறம் முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். மைதாவும் பேக்கிங் பவுடரும் சலித்துச் சேர்த்த பிறகு மட்டும் கை மெதுவாகப் போகட்டும். மைதாவை அதிகம் கலக்கினால் பசைத்தன்மை கூடிக் கேக் இறுகும்.

முட்டை சேர்க்காத வீடுகள் நிறைய. கண்டென்ஸ்டு மில்க்கும் தயிரும் வைத்து நன்றாகவே செய்யலாம். ஆனால் அந்தக் கேக் சீக்கிரம் உதிரும். அதனால் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள். பொம்மையின் முழங்கால் மடங்குமானால் மடக்கி வைக்கலாம்.

ஓடிஜி என்கிற மின்சார அடுப்பை 160 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். பாத்திரங்களில் வெண்ணெய் தடவி மைதா தூவி, அடியில் பட்டர் பேப்பர் போட்டு, மாவை முக்கால் பாகத்துக்குக் குறைவாகவே ஊற்றுங்கள். வட்டக் கேக் 35 நிமிடம் வாக்கில் வெந்துவிடும். கிண்ணம் அப்படியல்ல, ஒரு மணி நேரம் வரை ஆகும். ஓரம் வெந்து, மேலே நிறம் வந்த பிறகும் நடுவில் மாவாகவே இருக்கும், ஏனென்றால் அந்த ஆழத்துக்குச் சூடு போய்ச் சேர நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேலே வெடித்துவிடும். மேற்புறம் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் லேசாக மூடுங்கள். நீளமான குச்சியை நடுவில் அடிவரை குத்திப் பாருங்கள், ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும். அடுப்பு சிறியதென்றால் மாவையும் இரண்டு தடவையாகக் கலந்துகொள்ளுங்கள். கலந்த மாவு காத்திருந்தால் அடித்துச் சேர்த்த காற்று அடங்கிவிடும். குக்கரில் செய்கிறவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல், உள்ளே ஸ்டாண்ட் வைத்துச் சிறுதீயில் செய்யலாம்.

வெந்த கேக் அன்றைக்கே அலங்காரத்துக்கு வரக்கூடாது. ஆறியதும் கிளிங் ராப் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வையுங்கள். குளிர்ந்த கேக்தான் உதிராமல் வெட்டுப்படும். மறுநாள் மேடுகளைச் சீவித் தட்டையாக்கி, கிரீம் தடவி அடுக்குங்கள். ரம்பப் பல் கத்தியால் ஓரங்களைச் செதுக்கினால் பாவாடை வடிவம் வந்துவிடும். நடுவில் பொம்மையின் கால் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். எடுத்த கேக்கை உதிர்த்துக் கிரீமில் கலந்து குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

இனி நம் ஊர் வெயில். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையில் பட்டர் கிரீம் பூ நிற்பது கஷ்டம். அந்த மாதங்களில் பால் சேராத விப்பிங் கிரீம்தான் கைகொடுக்கும். ஃப்ரீசரில் இருப்பதை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, சில்லென்று இருக்கும்போதே அடியுங்கள். அரை லிட்டர் போதும். அடித்தால் மூன்று மடங்கு வரை பெருகும். மார்கழி, தை என்றால் என் ஓட்டு பட்டர் கிரீமுக்கே. 300 கிராம் வெண்ணெய்க்கு 600 கிராம் ஐசிங் சர்க்கரை. ருசியில் விப்பிங் கிரீம் அதன் பக்கத்தில் வராது. ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவை விரித்தால் பார்க்கப் பட்டுத்துணி போல இருக்கும், உண்மைதான். ஆனால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது வியர்த்துப் பிசுபிசுத்துவிடும். குழந்தைகள் பெரும்பாலும் அதை உரித்து ஒதுக்கியும் விடுகிறார்கள். முதல் முறை செய்கிறவர்களுக்கு அது வேண்டாம்.

முதலில் மெல்லிய பூச்சாகக் கிரீம் தடவி, உதிரும் துகள்களை அடக்கி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு நட்சத்திர நாசில், அதாவது கிரீம் பிழிகிற பையின் நுனியில் மாட்டும் நட்சத்திர வாயுள்ள குழல். இதைத்தான் புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்கிறேன். சின்னச் சின்ன நட்சத்திரமாக, கீழ் ஓரத்திலிருந்து வரிசை வரிசையாக மேலே ஏறுங்கள். செதுக்கியதில் உள்ள மேடு பள்ளம் எல்லாம் மறைந்துவிடும். கடைசி வரிசையைப் பொம்மை வைத்த பிறகு, இடுப்பை ஒட்டிப் போடுங்கள்.

பட்டுப் பாவாடை மாதிரி செய்தால் என்ன? இலைப்பச்சை உடலுக்கு, மாம்பழ மஞ்சளில் அகலமான கரை, மேலே சட்டையும் அதே மஞ்சளில். நம் குழந்தைகள் பார்த்ததும் கைதட்டுகிற கேக் இது. அரக்குச் சிவப்பைக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழ்ந்த சிவப்புக்குக் கலர் நிறையப் போகும். கிரீம் கசக்கும், நாக்கும் பல்லும் சிவக்கும். கொஞ்சமாகக் கலந்து சில மணி நேரம் வைத்தால் நிறம் தானே கூடும்.

கலர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமைன் பி என்ற சாயம் இருப்பது ஆய்வில் தெரிந்து, தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது நினைவிருக்கும். அது துணிக்குப் போடும் சாயம். குழந்தை சாப்பிடுகிற பொருளில் அதற்கு இடமே கிடையாது. அதனால் பொட்டலத்தில் உணவுக்கலர் என்று தெளிவாக அச்சிட்டு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம எண் இருப்பதை மட்டும் வாங்குங்கள். மினுமினுப்புத் தூளிலும் கவனம். நச்சில்லாதது என்று எழுதியிருந்தால் சாப்பிடலாம் என்று அர்த்தமாகாது. உண்ணத்தக்கது என்று இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட் சாறு சில சொட்டு போதுமே!

பொம்மையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, இடுப்பிலிருந்து பாதம் வரை கிளிங் ராப் இறுக்கமாகச் சுற்றுங்கள். முடியைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். கேக்கை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பொம்மையைத் தனியாக எடுத்துப்போய் அங்கே வைப்பது நல்லது. ஆட்டோ குலுங்கும்போது பொம்மை ஆடினால் ஓட்டை அகலமாகி, பாவாடை பிளந்துவிடும்.

மெழுகுவர்த்தியைக் கேக் மேல் வைக்கவே வைக்காதீர்கள். பொம்மையின் முடி செயற்கை இழை, சட்டென்று தீப்பிடிக்கும். மத்தாப்பு மாதிரிச் சிதறும் மெழுகுவர்த்தி அறவே கூடாது. பக்கத்தில் தனித்தட்டில் ஒரு கப் கேக் வைத்து அதில் ஏற்றுங்கள். ஊதும் எச்சிலும் பெரிய கேக்கில் படாது.

வெட்டும்போது முன்பக்கம் கத்தி வைக்காதீர்கள். சில குழந்தைகள் பொம்மைக்கு வலிக்கும் என்று அழுதுவிடும். அந்த அழுகையைச் சிரித்து ஒதுக்காமல், பின்பக்கத்திலிருந்து முதல் துண்டை எடுங்கள். போட்டோ எல்லாம் முடிந்ததும் பொம்மையை மெதுவாக மேலே உருவி, கிளிங் ராப்பைக் கழற்றி, கழுவித் துடைத்துக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். கேக்கை அடுக்கு அடுக்காகப் பிரித்துத் துண்டு போட்டால் 20 பேருக்குத் தாராளமாக வரும். மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்துக்கும் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.