முட்டை அட்டை ஒட்டினால் குழாய் ஸ்பீக்கர் சத்தம் நின்றுவிடுமா?

வணக்கம் மக்களே! சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிவிட்டு, 'நம்ம ரூம் சவுண்ட் ப்ரூஃப்' என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? ஆடி மாதம் வரட்டும். தெருமுனை அம்மன் கோயிலில் குழாய் கட்டி, விடியற்காலையில் முதல் பாட்டைப் போடுவார்கள். அப்போது தெரியும் அட்டையின் லட்சணம்! அறைக்குள் எழும் எதிரொலியை அது லேசாகக் குறைக்கும், அவ்வளவுதான். சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பது வேறு.

[திரையில்: திருமலை நாயக்கர் மகால்]

1636-இல் கட்டி முடித்த மகால். அதன் சொர்க்கவிலாச மண்டபத்தில் நின்று பேசினால் குரல் மேலே போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை அடக்க மெத்தென்ற பொருள் வேண்டும். வெளியே இருந்து வரும் சத்தத்தை மறிப்பது வேறு வேலை. அதற்குக் கனம் வேண்டும், சந்து பொந்து இருக்கக் கூடாது.

இந்த இரண்டையும்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று இதைத் தெளிவாக்கிவிடும். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஒரு புது விரிவுரைக் கூடம். பேசுவது யாருக்கும் புரியவில்லை, அவ்வளவு எதிரொலி. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபின் என்ற இளம் பேராசிரியரிடம் விட்டார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து கூடத்தில் பரப்பி, ஆர்கன் குழலை ஊதி, சத்தம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்தார். காலிக் கூடத்தில் ஐந்து நொடிக்கும் மேல்! மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. சரி, சத்தத்தை உறிஞ்சுவதற்கு அளவுகோலாக எதை வைத்தார் தெரியுமா? திறந்த ஜன்னல்! வெளியே போன சத்தம் திரும்பி வராதே. இன்றைக்கும் ஒரு சதுர அடி திறந்த ஜன்னல் உறிஞ்சும் அளவுக்கு அவர் பெயரில் 'சபின்' என்றே அலகு இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். உறிஞ்சுவதில் நூற்றுக்கு நூறு வாங்குவது திறந்த ஜன்னல். அதைத் திறந்துவைத்துக்கொண்டு ஆடித் திருவிழாவில் தூங்க முடியுமா? இனிமேல் கடைக்காரர் "இந்த ஃபோம் அவ்வளவு உறிஞ்சும் சார்" என்றால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இப்போது நம் வீடு. பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) மறிக்கும். சுவரைத் தொடவே தேவையில்லை. ஆனால் கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால், அந்தக் கதவை இரும்பிலேயே செய்தாலும் 20 டெசிபலுக்கு மேல் மறிக்காது. பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர்தான் முதல் குற்றவாளி. அடுத்தது கதவின் அடிச் சந்து. மூன்றாவது, ஏசிக்காரர் குழாய்க்குத் துளை போட்டு அப்படியே விட்டுப்போன ஓட்டை! ராத்திரி அறைக்குள் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே இருட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் சத்தமும் கசியும். ரப்பர் பட்டை, சிலிகான், பட்டி, எதைக்கொண்டாவது அடையுங்கள். பிறகு ஜன்னலுக்கு லேமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி), உள்ளே பொள்ளலாக இருக்கும் கதவுக்குப் பதில் கனமான கதவு. அறையை இறுக்கி மூடினால் மதுரை வெயிலில் ஏசி கட்டாயம். ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, அவ்வப்போது கதவைத் திறந்துவிடுங்கள்.

குழாய் ஸ்பீக்கர் ஒருவகையில் நல்ல பிள்ளை. அதில் அடிநாதம் கிடையாது, கீச்சுக் குரல்தான், அதனால் சந்து பொந்தை அடைத்தாலே பாதி அடங்கும். ஆளுயர பாக்ஸ் செட்டின் 'தொம் தொம்' அப்படியில்லை, சுவரையே உதறிக்கொண்டு உள்ளே வரும். அதற்கு இந்த வைத்தியம் போதாது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. திருவிழாவுக்குச் சில நாள் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம்.

செல்லூர்ப் பக்கம் விசைத்தறிக்கு ஒட்டிய வீட்டில் இருப்பவர்கள் கமென்ட்டில் வாருங்கள். தரை வழியாக வரும் அதிர்வுக்குத் தனி வீடியோ போடுகிறேன்.