கேள்வித்தாளுக்கு 65 வெள்ளியாம்!

வணக்கம்! மேல்மாடியில் சுவரைக் குடைகிறார்கள், அதனால்தான் இன்றைக்குச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் புள்ளியியல் படிக்கப் போகிறேன், இலவசம் என்று போன மாதம் குதித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நேற்று மூன்றாம் வாரப் பாடத்தை முடித்துவிட்டுப் பயிற்சிக் கேள்விகளைத் திறந்தால், பூட்டு! காணொளியை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாமாம், கணக்குப் போட்டுப் பார்க்க 65 சிங்கப்பூர் வெள்ளியாம். தளத்தின் பெயர் வேண்டாம். 65 வெள்ளி! தேக்காவில் நான் வாங்கும் பிரியாணி ஆறரை வெள்ளி. பத்துப் பொட்டலம்! இருங்கள், ஜிஎஸ்டியை விட்டுவிட்டேன். 9 விழுக்காடு சேர்த்தால் 70 வெள்ளி 85 காசு. கிட்டத்தட்ட பதினோரு பொட்டலம்.

வகுப்புகளுக்காக அரசாங்கம் கொடுக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் 500 வெள்ளி இருக்குமே என்பீர்கள். என்னுடையது கேக் வகுப்பில் தீர்ந்துவிட்டது, அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மிச்சம் இருந்திருந்தாலும், அவர்கள் பட்டியலில் உள்ள வகுப்புகளுக்குத்தான் அது செல்லும்.

சான்றிதழுக்குக் காசு கேட்கட்டும், கொடுக்கிறேன். ஆனால் கணக்குப் போடாமல் கணக்கு வருமா? நீச்சலைக் கரையில் நின்று பார்க்கலாம், தண்ணீரில் இறங்கக் கட்டணம் என்றால் அது என்ன இலவசம்? 2001இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் போடுவதாக அறிவித்தது. ஓப்பன்கோர்ஸ்வேர் என்று பெயர். அங்கே 18.05 என்ற எண்ணில் நிகழ்தகவும் புள்ளியியலும் இருக்கிறது. வீட்டுக்கணக்கு, விடை, எல்லாமே திறந்துதான் கிடக்கிறது. பதிவுகூட வேண்டாம். லாப நோக்கம் இல்லாமல், அவர்கள் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட்டால் நாம் தமிழாக்கியும் கொடுக்கலாம். எனக்குத் திறந்த கல்வி என்றால் அதுதான். இந்தியாவில் ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களிலும் வாராந்தரப் பயிற்சிக்குக் காசில்லை, தேர்வு எழுதத்தான் கட்டணம்.

ராத்திரியே எம்ஐடியின் முதல் வீட்டுக்கணக்குத் தாளை இறக்கினேன். நிகழ்தகவில் வரும் பேயஸ் தேற்றக் கணக்கு ஒன்று, மூன்று தடவை தப்பு. 11:40க்கு விடை சரியாக வந்தது. அம்மா எழுந்து வந்து என்னவென்று கேட்கிற அளவுக்குக் கத்திவிட்டேன்!

முக்கியமான ஒன்றை மறந்துவிட்டேன். தனியாகப் படித்தால் நான் பாதியில் விட்டுவிடுவேன். 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் இணையம் வழியே ஏறத்தாழ 160,000 பேர் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் 20,000 சொச்சம்தான். பூட்டு இல்லாத இடத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் வேண்டும். அதனால் சனிக்கிழமை காலை 11 மணிக்கு ஜூரோங் வட்டார நூலகத்தில் இருப்பேன், முதல் தாளோடு. தாதியாக வேலை பார்க்கும் என் தோழியும் இரவு வேலை முடித்து நேராக அங்கே வருகிறாள். தமிழிலேயே பேசிக் கணக்குப் போடுவோம். வருபவர்கள் கீழே எழுதுங்கள், மேசை பிடிக்க வேண்டும்.